யாழ்ப்பாணத்து நன்னீர் – சில சிந்தனைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு எனப் பெயர்பெற்றதும் மாரியில் ஓடிக் கோடையில் தடந்தெரியாது போவதே. ஆயினும், புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைந்த தோட்டங்கள் பல தலைமுறைகளாக இம்மக்களை வாழவைத்துள்ளன. வடகீழ்ப் பருவமழையை உறிஞ்சித் தேக்கிவைக்கும் சுண்ணாம்புக்கற் படையே இவ்வாழ்வுக்கு ஆதாரமாகும்.

இத்தேக்கம் தொட்டியில் நிறைந்த நீர் போன்றதன்று. பாரங்குறைந்த நன்னீர், பாரங்கூடிய கடல்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. கடன்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணிப்பு. இக்கணிப்பின் மறுபக்கமே அச்சந்தருவது. மேலே ஓரடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் நாற்பதடி மேலெழ முற்படும். நிலாவரைக் கிணற்றை அடியற்றதென்று வியந்து பேசுவோர் பலர். அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலே அதனினும் வியக்கற்பாலது.

துலாமிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மிதிப்பவரின் களைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. பின்னர் வந்த நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிவிட்டது. அதனைக் குறைகூறுதல் துலாவில் ஏறியறியாதவர்க்கு எளிது. ஆயினும், ஒருவர் தம் வளவில் மிகையாக இறைக்கும் நீர் அயலவர் கிணற்றுக்கும் உரியது என்பதை மறுத்தல் இயலாது. தோட்டத்துக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்றும் வேலி பார்த்துப் பரவுவதில்லை. கடன்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் நன்னீர் வில்லை மேலும் நெருக்குண்ணும்.

இந்நிலையில் எழுந்த கோரிக்கைகள் பெரும்பாலும் வெளியிலிருந்து நீரை வேண்டியவையே. அவற்றுள் தலையாயது, பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னுந் திட்டம். கனகராயன் ஆற்று நீர் சேரும் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குச் செலுத்துவதும், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணையிட்டுக் கடலைத் தடுப்பதும் அவர் கருத்து. தொடங்கிய வேலைகள் முற்றுப்பெறவில்லை. எனினும், நிலத்தடி நீரைச் செலவிடுவதைப் பற்றியன்றி நிரப்புவதைப் பற்றிச் சிந்தித்தமையே இத்திட்டத்தின் சிறப்பு எனலாம்.

இரணைமடுக் குளத்து நீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் முயற்சி பிற்காலத்தில் எழுந்தபோது, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். தம் வயலுக்கே போதாத நீரை எவ்வாறு பகிர்வது என்ற அவர்களின் வினாவைச் சுயநலமென ஒதுக்குதல் நேர்மையன்று. இறுதியில் கடலையே நாடவேண்டியதாயிற்று. வடமராட்சி கிழக்குத் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரவல்ல கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது.

கடல்நீர் வற்றாதது, ஆனால் இலவசமானதன்று. மென்சவ்வினூடாக அதனை உயர் அமுக்கத்தில் செலுத்தி ஒரு கனமீற்றர் நன்னீர் பெறுவதற்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். முழு அளவில் இயங்கும் நாளில் இது 72,000 அலகுக்குக் குறையாது. அம்மின்சாரம் எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்துப் பெறப்படுமாயின், கடன்மட்டத்தை உயர்த்தும் வினைக்கே குடிநீரும் துணைபோகும். தாளையடிக்குத் தொலைவில்லாத பளைப் பகுதியிலோ, 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. கிணறுகள் வற்றும் மாதங்களில்தான் சோளகக் காற்று உரத்து வீசுகின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது. நீருக்கான கோரிக்கையும் காற்று மின்சாரத்துக்கான கோரிக்கையும் ஒரே மனுவில் இடம்பெறவேண்டியவை. இதுவரை அவை தனித்தனியே ஒலித்துவந்துள்ளன.

மின்சாரத்துக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவைச் சுன்னாகம் முன்னரே கசப்புடன் கற்றது. அங்கு அனல்மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தமை பெருங் கிளர்ச்சிக்கு வித்திட்டது. தென்னிலங்கைச் சூழலியற் செயற்பாட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. இன எல்லையைத் தாண்டி நிலத்தடி நீர் நீதி பெற்ற அந்நிகழ்வு இன்னும் கூடுதலாகப் பேசப்பட்டிருக்கவேண்டும்.

அவ்வழக்கில் எதிராளியைச் சுட்டிக்காட்ட முடிந்தது. மிகையிறைப்பில் எதிராளியும் முறைப்பாட்டாளரும் ஒருவரே. ஆதலால் அதற்கெதிராக ஊர்வலமும் இல்லை, வழக்கும் இல்லை. தூர்ந்துபோன குளங்களை மாரிக்கு முன் ஆழமாக்கி, கடலுக்கு ஓடும் வெள்ளத்தை நிலத்துள் இறங்கவிடும் பணி மட்டும் சில ஊர்களில் ஆரவாரமின்றி நடைபெறுகின்றது.