மிளகு பறிப்பும் முப்பது நாளும்

வரப்புத் தகராறில் முன்சீப் கோர்ட்டில் தோற்றேன். அப்போது மிளகு பறிப்பு. முடியட்டும் என்று செம்மேட்டிலேயே இருந்துவிட்டேன். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் வக்கீலைப் பார்த்தபோது 41-வது நாள்.

"நகல் மனுவாவது போட்டீங்களாண்ணே?"

போடவில்லை.

முன்சீப் தீர்ப்பை எதிர்த்துச் சார்பு நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள்தான். தீர்ப்பு நகல் கேட்டு மனு போட்ட நாளிலிருந்து நகல் தயாராகும் வரை கணக்கில் கழித்துவிடுவார்களாம். ஆனால் அந்த மனுவை 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். பஸ் செலவு பார்த்து அதையும் கோட்டைவிட்டேன்.

இப்போது அப்பீலோடு, 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு. மிளகு பறிப்பை நீதிபதி ஒரு காரணமாக ஏற்பாரா என்று வக்கீலே யோசிக்கிறார். திங்கட்கிழமை வாய்தா, முதல் பஸ்ஸில் இறங்குகிறேன்.