பேராதனையில் ஒரு நாள்



கிளிநொச்சியில் இருந்து கண்டிக்குப் போவதற்கு வழி விசாரிக்கத் தேவையில்லை. எங்கள் ஊருக்கூடாகப் போகும் ஏ-9 வீதி தொடங்குவதே கண்டியில்தான். ஆனாலும் அந்த வீதியின் மறுமுனையை நான் பார்த்தது என் 48ஆவது வயதில்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் என் மகள், "அம்மா, ஒருக்கா வந்து நான் படிக்கிற இடத்தைப் பாருங்கோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சென்ற ஆண்டு மூன்று நாள் லீவு கிடைத்தபோது புறப்பட்டேன்.

இரவு பஸ். தம்புள்ளை, மாத்தளை கடந்து விடியும்போது இருபக்கமும் மலைகள். கண்டியில் இறங்கியதும் குளிர் தாங்காமல் சேலைத் தலைப்பால் போர்த்துக்கொண்டேன். கண்டியின் கடைசி அரசன் கட்டுவித்த வாவியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பேராதனைக்குப் பஸ் ஏறினோம். அந்தானை மலையடிவாரம், பெரிய மரங்கள், நடுவே ஓடும் மகாவலி. பொறியியற் பீடம் 1964இல் கொழும்பில் இருந்து இங்கே வந்ததாம். வடமராட்சியில் பிறந்து, பின்னாளில் யாழ். பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அ. துரைராஜா இந்தப் பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தவர். அதைக் கேட்டபோது அந்நிய இடம் என்ற கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

மகளும் அவளுடைய தோழிகளும் செய்துகொண்டிருந்த சிறிய றோபோவைக் காட்டினார்கள். ஆறு சில்லுகள், ஒரு கமரா, ஒரு மின்கலம். ஒரு பிள்ளை சிங்களத்தில் சொல்ல, மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். சந்திரனிலும் செவ்வாயிலும் மனிதருக்குப் பதிலாக ஓடித் திரிகிற வண்டிகளைப் பார்த்துச் செய்ததாம். செவ்வாய்க்கு ஒரு கட்டளை போய்ச் சேரவே சில நிமிடங்கள் தொடக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் வரை செல்லும். அதனால் முன்னால் கல்லோ பள்ளமோ வந்தால் வண்டி தானே கண்டு, தானே விலக வேண்டும்.

வழுவழுப்பான நிலத்தில் அது அழகாக ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டேன்: "பிள்ளை, இது மணலில் போகுமோ? முகமாலை மணலில் விட்டால் சில்லுப் புதையும். பனை வேரும் தடக்கும்."

சகோதரிகளே, நான் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். வெயிலில் முழந்தாளில் இருந்து, கருவி சத்தம் போடுகிற இடமெல்லாம் விரல் அளவு விரல் அளவாக மண்ணைச் சுரண்டுகிறவள். பெரும்பாலும் அது ஒரு ஆணியாகவோ செல் துண்டாகவோ இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றையும் மிதிவெடி என்றே நினைத்துத்தான் கிண்ட வேண்டும். மண்ணைப் பற்றி எனக்குத் தெரியும்.

என் கேள்விக்குப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அமெரிக்கா அனுப்பிய ஸ்பிரிட் என்ற வண்டி 2009இல் செவ்வாயின் இளகிய மணலில் புதைந்து, பிறகு வெளியே வரவேயில்லை என்று மகள் சொன்னாள். அடுத்த வருடம் அதன் தொடர்பும் நின்றுவிட்டதாம். பிறகு ஒரு கொப்பியை எடுத்து, எந்த மண் மழைக்குப் பின் எப்படி இறுகும், வேர் எவ்வளவு ஆழத்தில் ஓடும் என்றெல்லாம் என்னிடம் கேட்டு எழுதினார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் பல்கலைக்கழகத்தில் இருந்து பாடம் சொன்னேன்! மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்கார என்ற ஆராய்ச்சியாளர், பழக்கிய கீரிப்பிள்ளை ஒன்றைச் சிறிய றோபோவோடு சேர்த்து மிதிவெடி தேட முயன்ற கதையையும் அன்றுதான் அறிந்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது மகள் மெதுவாகச் சொன்னாள், "அம்மா, நான் மேற்படிப்புக்கு யப்பானுக்கு விண்ணப்பிக்கப் போறன். செய்மதி செய்யப் படிக்கப் போறன்."

இலங்கையின் முதல் ஆராய்ச்சிச் செய்மதியான இராவணா-1ஐ யப்பானின் கியூசு தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் செய்தவர்கள் இருவர். ஒருவர் பேராதனையில் படித்த தரிந்து தயாரத்ன. மற்றவர் துலானி சாமிக்கா என்ற பெண். ஒரு கிலோ அளவு நிறை, உள்ளங்கையில் வைக்கக்கூடிய பெட்டி. 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் இருந்து விண்வெளி நிலையத்துக்குப் போய், யூன் 17ஆம் திகதி அங்கிருந்து விடப்பட்டது. ஏறக்குறைய 400 கிலோ மீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றியது. பின்னர் அதன் காலம் முடிந்து வளிமண்டலத்தில் எரிந்துபோனது.

நான் பதில் சொல்லவில்லை. 2009இல் அவளுக்கு ஆறு வயது. அவளுடைய அப்பாவை இழந்ததும் அந்த வருடந்தான். வானத்தில் "வண்டு" இரைந்தால் அவளை அணைத்துக்கொண்டு பதுங்கு குழிக்குள் இறங்குவேன். வானத்தில் இருந்து எங்களைப் பார்ப்பது எதுவும் எங்களுக்கு நன்மை செய்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது அவளே அங்கே ஒன்றை அனுப்பப் போகிறேன் என்கிறாள். அதுவும் என்னைத் தனியே விட்டுவிட்டு.

பொழுதுபட்டதும் என்னை வெளியே கூட்டிவந்து மேற்கே காட்டினாள். வெள்ளி போல ஒரு ஒளி எழும்பி, எங்கள் தலைக்கு மேலாக நகர்ந்து போனது. சர்வதேச விண்வெளி நிலையமாம். என் கை தானாக அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தது. சத்தம் வரும் என்று காது காத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. மகாவலியின் சத்தம் மட்டும் கேட்டது.

"சூரிய வெளிச்சம் பட்டுத்தான் மின்னுது அம்மா. பயப்படாதேங்கோ," என்றாள்.

"விண்ணப்பத்தை அனுப்பு. அதுக்கு முதல் சோதினையை வடிவா எழுது," என்றேன்.

அடுத்த நாள் பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை.

சகோதரிகளே, இன்று பொறியியல் படிக்கப் பிள்ளைகள் கண்டி மட்டும் போகவேண்டும் என்றில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் இயங்குகிறது. உங்கள் மகள் பழுதான வானொலியைக் கழற்றிப் பார்த்தால் ஏசாதீர்கள். பக்கத்தில் இருந்து, என்ன பார்க்கிறாய் என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் அவளுக்குச் சொல்லுங்கள். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு நாள் செவ்வாய் வண்டிக்கு உதவும் என்று நான் நினைத்தா இருந்தேன்?