பெரிய ஊருக்குப் பக்கத்துச் சின்ன ஊர்

வயதானவர்கள் மலைக்குப் போனால் பெயர் பெற்ற ஊரில் தங்க வேண்டாம். அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, சனங்கள் விவசாயம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊரில் தங்குங்கள். பெரிய ஊரைப் பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். புணேயை அடுத்த ஹடப்சரில் என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளோடு இருக்கும் தமிழர்களிடம் நான் ஓயாமல் சொல்லிவருவது இதைத்தான்.

எங்களுக்கு வாய்த்த அந்தச் சின்ன ஊர், சாத்தாரா மாவட்டத்தில் இருக்கும் பிலார். பாஞ்ச்கணியிலிருந்து மகாபலேஷ்வர் போகும் வழியில் சற்றே விலகி இருக்கிறது. ஹடப்சரிலிருந்து புறப்பட்டால் திவே காட் ஏறி, சாஸ்வட், நாராயண்பூர் வழியாகக் கபூர்ஹோளில் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். பிறகு கம்பாட்கி மலைப்பாதை, சுரூரில் திருப்பம், கிருஷ்ணா நதிக்கரையில் வாயி, அதன்பின் பசர்ணி மலைப்பாதை. நெடுஞ்சாலையைப் பிடிக்கப் புணே நகரத்துக்குள் நுழைந்து வெளியேற வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு இந்த வழி பிடிக்கும்.  

பிலாரில் அப்படி என்ன இருக்கிறது? புத்தகங்கள் இருக்கின்றன. 2017 மே 4 அன்று மகாராஷ்டிர அரசு இந்த ஊரைப் 'புஸ்தகாஞ்சே காவ்' (புத்தகங்களின் ஊர்) என்று அறிவித்துத் திறந்துவைத்தது. ரிச்சர்ட் பூத் என்பவர் 1960களில் தொடங்கிய பழைய புத்தகக் கடையால் பிரிட்டனின் வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை என்ற சிற்றூர் புத்தக ஊராக மாறியது. அதுதான் இதற்கு முன்மாதிரி. ஆனால் ஹே ஊரில் புத்தகம் விற்பனைக்கு; பிலாரில் படிப்பதற்கு மட்டுமே. தொடக்கத்தில் ஊராரின் வீடுகளும் கோயிலும் பள்ளியுமாக 25 இடங்களில் சுமார் 15,000 மராட்டிப் புத்தகங்களை வைத்தார்கள். ஒரு வீட்டில் வரலாறு, ஒரு வீட்டில் கவிதை, ஒரு வீட்டில் குழந்தைகளுக்கானவை என்று வகை பிரித்திருக்கிறார்கள். யாரும் உள்ளே போய் எடுத்துப் படிக்கலாம், காசு கிடையாது.

இதன் அருமை அந்த வீடுகளில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். எனக்கு மராட்டி பேச நன்றாக வரும். படிப்பதில் இன்றும் நிதானம்தான். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுப் பாட்டி எதிரில் அரிசி புடைக்கிறார். பள்ளிவிட்டு வந்த பேத்தி என் மேசையின் மறுபக்கம் கணக்குப் போடுகிறாள். நடுவில் ஒரு குரல்: "காகா, சஹா க்யா." தேநீர் வருகிறது. என்ன வாங்கப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இரவுச் சாப்பாடு அவர்கள் உண்பதுதான்: பாக்ரி, பிட்லா, பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த தேச்சா. விடுதியில் நாம் வாடிக்கையாளர். இங்கே அடுத்தவர் குடும்பத்தின் ஒரு நாளுக்குள் நமக்கும் ஓர் ஓரத்தில் இடம் போடுகிறார்கள். ஓய்வு பெற்ற மனிதனுக்கு இது பெரிய மருந்து. வேலை போன பிறகு நம்மை வாட்டுவது சும்மா இருப்பதன் அலுப்பு மட்டும் அல்ல. யாருடைய நாளிலும் நாம் இல்லை என்ற எண்ணம்தான் அதிகம் வாட்டுகிறது.

ஊரின் பிழைப்பு ஸ்ட்ராபெர்ரி. இந்தியாவில் விளையும் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி இந்த மகாபலேஷ்வர்–பாஞ்ச்கணி மலைப்பகுதியில்தான் விளைகிறது. 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மழை ஓயும் சமயத்தில் மேட்டுப்பாத்திகளில் நாற்று நட்டு, பிளாஸ்டிக் தாள் விரித்து, சொட்டுநீர் விடுகிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை பறிப்பு மும்முரம். காலை வெயில் ஏறுவதற்குள் பழம் பறித்துப் பெட்டியில் அடுக்கியாக வேண்டும். அந்த வேலை நடக்கும்போது வரப்பில் நின்று பார்ப்பதற்கே இங்கு வரலாம்.

மகாபலேஷ்வரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பழைய மகாபலேஷ்வர் கோயிலில் கிருஷ்ணா உள்ளிட்ட ஐந்து நதிகளின் பெயரால் நீர் விழும் இடத்தில் கைகூப்பாமல் நான் திரும்பியதில்லை. ஆனால் தொடர் விடுமுறை நாட்களில் வெண்ணா ஏரிப் பக்கம் வண்டி நகராது. இவ்வளவு கூட்டத்தை அந்த மலை தாங்காது என்பது அரசுக்கும் தெரியும். 2001 ஜனவரியிலேயே மகாபலேஷ்வர்–பாஞ்ச்கணி வட்டாரத்தை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தது. கொட்டித் தீர்க்கும் மழை பாறைச் சரிவில் ஓடி இறங்கிவிடுவதால் கோடையில் இங்கே தண்ணீரை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

சின்ன ஊர் தானாகவே சின்ன ஊராக நிலைத்துவிடாது. இதை எங்கள் ஹடப்சரைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஊர் எது? புணேவுக்குக் காய்கறி அனுப்பிய கிராமம் இது. கடக்வாஸ்லாவிலிருந்து வரும் கால்வாய் இன்றும் நடுவே ஓடுகிறது. முதலில் தொழிற்பேட்டை வந்தது. பிறகு மென்பொருள் கம்பெனிகள். அந்த நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் ஏறத்தாழ 400 ஏக்கரைத் துண்டு துண்டாக விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி மகர்பட்டா நகரை எழுப்பின. நிலத்தின் பலன் நிலத்துக்காரர்களிடமே தங்கியது. அதை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனாலும் வயல் போனது போனதுதான். சோலாப்பூர் சாலையில் இன்று சாயங்காலம் நடந்து பார்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, அமைதி வேண்டுமென்றால் ஊரார் கூடி முடிவெடுக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் அப்படி முடிவெடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் சோல்டன் என்ற ஊர், பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் பந்தயங்கள் ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்கும் இடம். அதே நகராட்சியின் எல்லைக்குள், பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் வென்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் 2008இல் தொடங்கிய 'மலையேறுவோர் கிராமங்கள்' திட்டத்தில் அது சேர்ந்தது. பெரிய விடுதிகளும் பெரிய கம்பிவட ஊர்திகளும் வேண்டாம், நடந்து வருபவர்கள் போதும் என்பதுதான் அந்தக் கிராமங்களின் ஏற்பாடு. இத்தாலியப் பக்கத்து ஆடுகள் கோடைதோறும் பனிக்கணவாய் தாண்டி வென்ட் மேய்ச்சலுக்கு வருவது இன்றும் தொடர்கிறது. அப்படி ஆடு ஓட்டிப் போகும் வழக்கத்தை 2019இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டிலும் பனிச்சறுக்கு ஊர் உண்டு. உத்தராகண்டின் ஔலி. அதன் அடிவாரத்து ஜோஷிமட்டில் கனமான கட்டுமானம் கூடாது என்று 1976லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்தது. கட்டிக்கொண்டே போனார்கள். 2023 ஜனவரியில் வீடுகளில் விரிசல் ஓடி, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குளிரில் வெளியேற வேண்டி வந்தது. தமிழ்நாட்டிலும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையும் மன்னவனூரும் பூண்டும் காய்கறியும் விளைந்து இன்னும் ஊராகவே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கே போகும் உறவினர்களிடம் சொல்லி அனுப்புவேன்.

ஊரார் எடுத்த முடிவை விருந்தாளி காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். பிலாருக்குப் போவதானால் வார நாளாகப் பார்த்துப் போங்கள், ஓரிரவாவது தங்குங்கள். இரண்டு வாளித் தண்ணீரில் குளியுங்கள். இரவில் ஸ்பீக்கர் வைக்காதீர்கள். படித்த புத்தகத்தை எடுத்த அலமாரியிலேயே வையுங்கள். பழத்தைச் சாலையோரம் வாங்காமல் தோட்டத்துக்காரர் கையில் காசு கொடுத்து வாங்குங்கள். அடுத்த முறை பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். குழந்தைகளுக்கென்றே அங்கே ஒரு வீடு நிறையப் புத்தகம் இருக்கிறது.