பனிக்காலத்துக்கு முன்னே ஒரு பயணம்

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைச் சாதாரண நாளொன்றில் சொல்லாமல் போய்ப் பார்த்து வருவது நம்மவர் பலருடைய வழக்கம். விழா நாளில் எந்த வீடும் அழகாகத்தான் தோன்றும். ஊர்களும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நெடுங்காலமாக வாழும் நாங்கள், இவ்வாண்டுக் கிறிஸ்மஸ் விடுமுறையைப் பனிச்சறுக்குக்குப் பேர்போன மலையூர் ஒன்றில் கழிக்க எண்ணியபோது இவ்வழக்கத்தையே கைக்கொண்டோம். நவம்பர் மாத இறுதியில் மூன்று நாள்கள் வாலே மாநிலத்து மலையூர்களைக் கண்டு வந்தோம்.

பிள்ளைகள் இருவருக்காக மட்டுமெனில் இத்தனை ஆராய்ச்சி வேண்டியிராது. தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். எங்களுள் ஒருவருக்குப் பெற்ற தாய், மற்றவருக்கு மாமியார், அழைப்பது இருவருமே அம்மா என்றுதான். வயது 72. முழங்கால் வலி உண்டு. அப்பா இறந்தபின் வரும் முதல் கிறிஸ்மஸ் இது. "நீங்கள் பிள்ளைகளோடு போய் வாருங்கள். நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். என்னால் உங்களுக்கு எதற்குத் தொந்தரவு?" என்றார்கள். உறவினர் சிலரும் அதுவே நல்லது என்றனர். துணையை இழந்தவரை, மொழி தெரியாத நாட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்த்திவிட்டு நாங்கள் மட்டும் மலையேறுவதற்கு மனம் ஒப்பவில்லை.

ஆயினும் பாசம் ஒன்றே போதாது. சறுக்கத் தெரியாத முதியவருக்குப் பனியூர் சிறையாகிவிடலாம். வழுக்கும் பாதையும், வெயில் படாத அறையும், காலையில் போய் மாலையில் திரும்பும் பிள்ளைகளுமாக நாள்கள் கழிந்தால் அவர்களை அழைத்துச் சென்று என்ன பயன்? நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று புறப்பட்டோம். தம்மைத் தொந்தரவு என்று சொன்ன அம்மாவே அந்த மூன்று நாள்களும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நவம்பர் இறுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கோடைப் பயணிகள் போய்விட்ட, குளிர்காலப் பயணிகள் இன்னும் வராத காலம் அது. விடுதிகள் பல மூடிக் கிடக்கும். ஆனால் கதிரவன் ஏறக்குறையக் கிறிஸ்மஸ் காலத்தில் செல்லும் அதே தாழ்ந்த பாதையில்தான் செல்வான். எந்தச் சன்னலில் எத்தனை மணிநேரம் வெயில் விழும் என்பதை அப்போதே கண்டுகொள்ளலாம். பனி முழுவதும் மூடுமுன் போனால் வாசற்படிகளையும் எண்ணிவிடலாம்.

2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 34 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட லோட்ச்பெர்க் சுரங்கத்தின் வழியாக இரயில் எங்களை விஸ்ப் நகரில் சேர்த்தது. முதலில் செர்மாட் சென்றோம். ஊருக்குள் மோட்டார் கார்களுக்கு இடமில்லை. 5 கிலோமீட்டர் தொலைவிலேயே நிறுத்திவிட்டு இரயிலில் வரவேண்டும். கடைத்தெரு ஓரளவு சமதளமாக இருந்தது அம்மாவின் கால்களுக்கு ஏற்றதே. 3,089 மீட்டர் உயரத்துக்குச் செல்லும் கோர்னர்கிராட் பல்சக்கர இரயில் 1898 முதல் ஓடுகிறது; அதில் அமர்ந்தபடியே மலைகளைக் கண்டு வரலாம். ஆனால் சிறுவர்கள் சறுக்கப் பழகும் களமோ மலைமேல் உள்ளது. பேரப்பிள்ளைகள் மேலே, பாட்டி கீழே என்றாகிவிடும். விடுதிக் கட்டணமும் எங்கள் கைக்கு எட்டவில்லை.

அடுத்த நாள் அஞ்சல் பேருந்தில் சாஸ் ஃபே சென்றோம். 1,800 மீட்டர் உயரத்தில், நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் சூழ்ந்த ஊர். 1951இல்தான் இங்குச் சாலை வந்தது. இவ்வூரார் நினைவில் நிற்கும் ஒருவர், பங்குக் குரு யோகான் யோசப் இம்செங் அடிகளார். 1849 டிசம்பரில், கீழே சாஸ் கிரண்டில் இருந்த நோயாளி ஒருவரைக் காண்பதற்காக, வீட்டிலேயே செய்த மரப்பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி இறங்கினாராம். சுவிட்சர்லாந்தின் முதல் பனிச்சறுக்காளர் இவரே என்பர். படுக்கையில் கிடந்தவரைத் தேடிச் செல்லப் பயன்பட்ட சறுக்கு, வயதானவரை வீட்டில் விட்டுச் செல்லக் காரணமாகலாமா என்று அன்றிரவு பேசிக்கொண்டோம். இங்குச் சிறுவர் களம் ஊரின் விளிம்பிலேயே இருக்கிறது. ஆனால் நாங்கள் பார்த்த வீட்டின் மேல் பிற்பகல் முதிருமுன்பே மலைநிழல் இறங்கிவிட்டது. வெயிலில் வளர்ந்த அம்மாவை அந்த நிழலில் அமர்த்த மனம் வரவில்லை.

மூன்றாவதாக, பெட்டன் பள்ளத்தாக்கு நிலையத்தில் இரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்தே ரோப் காரில் ஏறி பெட்மெரால்ப் அடைந்தோம். ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரம். இங்கும் கார் இல்லை. தெற்கு நோக்கிய மலைத்திட்டாகையால் எங்கும் நல்ல வெயில். உயரம் இன்னொரு வகையிலும் நன்மையே. 2023ஆம் ஆண்டு பிறந்தபோது, ஆல்ப்ஸ் மலையின் தாழ்ந்த ஊர்கள் பலவற்றில் பனியின்றிச் சறுக்குக் களங்கள் மூடப்பட்டதை நாம் அறிவோம். ஊருக்குப் பின்னாலுள்ள முகட்டுக்கு அப்பால் கிடக்கும் அலெட்ச் பனியாறும் தேய்ந்துகொண்டே வருகிறது. அது வளர்ந்து ஊரை அழித்துவிடாதிருக்க வேண்டுமென்று 1678இல் நேர்ந்துகொண்ட அருகிலுள்ள ஃபீஷ் மக்கள், 2010இல் திருத்தந்தையின் இசைவு பெற்று, அது உருகி மறையாதிருக்க வேண்டுமென இப்போது மன்றாடுகிறார்கள்.

எங்களுக்கு வீட்டைக் காட்டியவர் அம்மாவைவிட மூத்த ஒரு பெண்மணி. விடுமுறைக் கூட்டத்தில் அவருக்கு எங்களோடு பேச நேரம் இருந்திராது. அன்றோ காப்பி ஊற்றிக் கொடுத்து, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். வாசலில் படிகள் மூன்றே; கைப்பிடியும் உண்டு. கூடத்துச் சன்னலிலிருந்து சிறுவர் களம் தெரிகிறது. குளிர்காலத்தில் தெருவெல்லாம் பனி இறுகிக் கிடக்கும், கடைச் சாமான்களைக்கூடச் சறுக்குவண்டியில் வைத்துத்தான் இழுப்போம் என்றார். கவலைப்பட்டோம். அவர் உள்ளே சென்று, செருப்பின் அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள்பட்டைகளை எடுத்து வந்து, "நான் தினமும் இதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். உங்கள் தாயாருக்கும் ஒரு சோடி தருகிறேன்" என்றார். ஊர் மேட்டில் வெண்ணிறமாய் நின்ற கோயிலைச் சுட்டி, 1697இல் கட்டியது என்றார். அது யாருடைய பெயரால் விளங்குகிறது என்று கேட்டபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது. நம் பனிமய மாதாவேதான்!

இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்கள் ஆதலால், பாசல் திரும்பியதும் மருத்துவரைக் கேட்டோம். முதல் இரு நாள்கள் மெதுவாக நடக்க வேண்டும், மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுமதித்தார். பிறகுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் விவரித்தோம். வெயில், சன்னல், மூன்று படி எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்து, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5இல் பனிமய மாதா திருவிழாவைக் கண்டவர்கள். பனியை மட்டும் கண்டதில்லை. "அந்தக் கோயில் மேட்டில் நான் ஏற முடியுமா?" என்ற ஒன்றை மட்டுமே கேட்டார்கள். "முடியாவிட்டால் சறுக்குவண்டியில் உட்காருங்கள் பாட்டி, நாங்கள் இழுக்கிறோம்" என்று பேரப்பிள்ளைகள் கூவினர். அப்பாவின் மறைவுக்குப் பின் அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டோம்.

முதியோருடன் குளிர்நாட்டு மலைகளுக்குச் செல்ல எண்ணும் குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. சறுக்குக் களம் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்குமுன், சறுக்காதவர் அமரும் நாற்காலி எங்கே இருக்கப்போகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்கு முன்பணம் கட்டியாயிற்று. ஐந்து பேருக்கும்.