இரண்டாம் துளிர்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் தேதி பொழுது விடிவதற்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டைச் சீமையின் கிழக்குப் பகுதியை உழுது போட்டுவிட்டுப் போன பிறகு, அந்தப் பக்கத்து ஊர்களுக்குச் சொந்தபந்தங்களைத் தேடிப் போனவர்கள் திரும்பி வந்து சொன்ன முதல் வார்த்தை, ‘ஊர் அடையாளமே தெரியவில்லை’ என்பதுதான். கோயில் நின்றது, கடைத்தெருவும் இருந்த இடத்திலேயே இருந்தது. எந்த மரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி எந்த மரத்தைக் கண்டு திரும்ப வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் மனத்தில் வைத்திருந்த கணக்குத்தான் ஒரே இரவில் தவறிப்போயிற்று. ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் இடைப்பட்ட ஒரு சிறிய பேரூரில், அப்படிப் போன மரங்களுக்கு ஈடாக மறுபடியும் மரம் வைத்து வளர்த்துவரும் ஐந்து தொழிலாளர்களோடு, ஓர் ஐப்பசி மாதத்தில் மூன்று நாட்கள் கூடவே இருந்து அவர்களுடைய வேலையைக் கண்ணாரக் காணும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஐவரில் இருவர் பெண்கள், ஒருவர் தண்ணீர் லாரி ஓட்டும் இளைஞர், ஒருவர் மரமேறி, எல்லோருக்கும் மூத்தவர் எழுபது வயதை எட்டிக்கொண்டிருப்பவர், இளமையில் தென்னந்தோப்புகளில் கூலி வேலை பார்த்து மண்ணின் சுபாவத்தைக் கையால் அறிந்தவர். அவரை எல்லோரும் ‘பெரியப்பா’ என்றே கூப்பிடுகிறார்கள். பதிவேட்டில் இவர்கள் தூய்மைப் பணிக்கு அமர்த்தப்பட்டவர்கள்தாம். மரம் பார்ப்பவர் என்று ஒரு வேலை அந்த ஊரில் எழுதப்பட்டிருக்கவில்லை. விடியற்காலையில் தெருக்களைக் கூட்டிக் குப்பை வண்டியை அனுப்பிவிட்டு, டீக்கடையில் ஒரு டீயைக் குடித்த கையோடு மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு மரவேலைக்கு வந்துவிடுகிறார்கள்.

முதல் நாள் குழி வெட்டும் வேலை. நீள அகல ஆழம் மூன்றும் மூன்று மூன்று அடி என்பது சட்டம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த அளவை அந்த மண்ணில் நிறைவேற்றுவது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை அருகில் நின்று பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். மேலே ஒன்றரை அடிக்குச் செம்மண் இளகிக் கொடுக்கிறது. அதற்குக் கீழே செம்புராங்கல். கடப்பாரை விழும்போது ‘ணங்’ என்று சத்தம் கேட்கிறது. பெயர்ந்து வருவது ஒரு கைப்பிடி கல். பெரியப்பா அந்தப் பாறையின் மேல்முகத்தைத் தடவிக் காட்டி, “புயல்ல சாஞ்ச மரத்தையெல்லாம் நான் பாத்தேன் ஐயா. வேரு கீழ போகவே இல்ல. இந்தக் கல்லுமேல பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கெடந்துச்சு. காத்து வந்து பாயைச் சுருட்டிட்டுப் போயிருச்சு” என்றார். அரையடிக் குழி வெட்டிக் கன்றைச் செருகிவிட்டுப் போவது, முப்பது வருஷத்துக்குப் பிறகு விழப்போகிற ஒரு மரத்தை இன்றைக்கே தயார் செய்து வைப்பதுதான் என்பது அவருடைய அபிப்பிராயம். கல்லை உடைத்து வேருக்கு வழி திறந்துவிடாமல் அவர் எந்தக் கன்றையும் குழியில் இறக்க விடுவதில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஐந்தாறு குழிக்கு மேல் ஆவதுமில்லை.

குழி ஆன பிறகு அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்குகிறார்கள். அந்தப் பிரதேசத்தில் மட்டைக்குப் பஞ்சமில்லை. நனைந்த மட்டை நாள்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். அதன்மேல் மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து, கரையான் ஏறாமல் இருக்க வேப்பம் பிண்ணாக்கும் தூவுகிறார்கள். கன்றின் பிளாஸ்டிக் பையைக் கிழித்ததும் உடனே நட்டுவிடுவதில்லை. பெண்களில் ஒருவர் அந்த மண்கட்டியை மடியில் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தி, பையின் அடியில் சுருண்டு சுருண்டு வளையமாகிப் போயிருந்த வேர்களை விரலால் பிரித்து, பிரியாதவற்றைக் கத்தியால் நறுக்கிவிட்டார். அந்தச் சுருளை அப்படியே விட்டால் வேர் மண்ணுக்குள் போகாமல் தன்னையே சுற்றிக்கொண்டு பருத்து, வளர்ந்த மரத்தையே கழுத்தை நெரித்துவிடும் என்று அவர் விளக்கினார். இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமல் நாட்டில் எத்தனை கன்றுகள் நடப்படுகின்றன என்று நினைத்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

எப்போது நடுவது என்ற பேச்சு வந்தபோது, நான் எதிர்பாராத ஒரு விஷயத்தை அந்த அம்மாள் சொன்னார். 1950ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மத்திய அரசில் உணவு விவசாய மந்திரியாக இருந்த கே. எம். முன்ஷி வனமகோத்சவம் என்னும் மரநடு விழாவைத் தொடங்கி வைத்தார். அதுமுதல் வருஷந்தோறும் ஜூலை முதல் வாரத்தில் தேசமெங்கும் மரக்கன்று நடுவது சம்பிரதாயமாகிவிட்டது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஜூலை என்பது வடநாட்டுக்கும் மலையாளக் கரைக்கும் மழைக்காலம். நம்முடைய கீழைக் கடற்கரைச் சீமைக்கோ அது ஆனியும் ஆடியும் சேரும் காற்றுக்காலம். இங்கே மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வரும். “ஜூலையில வெச்சா ஐப்பசி வரைக்கும் நாங்க தண்ணி சுமக்கணும், ஐப்பசியில வெச்சா தை வரைக்கும் மழை சுமக்கும்” என்றார் அந்த அம்மாள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பெரியோர் அதை உழவனுக்குச் சொன்னார்கள். தினந்தோறும் போய்ப் பார்க்கும் நிலத்துக்கு அது பொருந்தும். போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் போய்விட்ட பிறகு தெருவோரத்தில் தனியாக நிற்கும் கன்றுக்குப் பொருந்தாது. இந்த ஒரு திருத்தத்தை மட்டும் நம் மாவட்டங்கள் ஏற்றுக்கொண்டால், வேறு செலவு எதுவும் இல்லாமலே எத்தனையோ கன்றுகள் பிழைக்கும் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாம் நாள் போத்து நட்டார்கள். விதையோ கன்றோ இல்லாமல், உயிருள்ள கிளையையே வெட்டி நட்டு மரமாக்கும் இந்தப் பழைய வித்தை ஆல், அரசு, அத்தி, பூவரசு முதலிய சில மரங்களுக்கு மட்டுமே பலிக்கும். ஆடு மாடு எட்டாத உயரத்தில் துளிர்ப்பதால் கூண்டுச் செலவு மிச்சம்; கன்று நாலைந்து வருஷத்தில் எட்டும் உயரத்தைப் போத்து நட்ட அன்றைக்கே எட்டிவிடுகிறது. பெரியப்பா ஐந்து நாட்களுக்கு முன்பே ஒரு கண்மாய்க்கரை ஆலிலிருந்து கெண்டைக்கால் பருமனில் எட்டடி நீளத்துக்கு மூன்று கிளைகளை வெட்டி, பால் வற்றுவதற்காக நிழலில் சாய்த்து வைத்திருந்தார். தலைப்பக்கத்து வெட்டுவாயில் பசுஞ்சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்பி, அதன்மேல் பழைய சாக்குத் துணியைச் சுற்றிச் சணலால் கட்டினார். அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவினார். அந்தச் சீவலில் பட்டை ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பிறகு கன்னத்தருகே கிளையை ஏந்தி, கணுக்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனித்து, “அடி தலை மாறிட்டா அது விறகு” என்று சொல்லிக்கொண்டே குழிக்குள் இறக்கினார். இளைஞர் சம்மட்டியால் தலையில் ஒரு தட்டுத் தட்டலாமா என்று கேட்டபோது, அவர் முகம் சற்றுக் கோபமாயிற்று. தட்டினால் அடியில் பட்டை பிதுங்கும். பட்டை பிதுங்கிய இடத்தில் வேர் வராது. மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டுக் காலால் மிதித்து மிதித்துத்தான் போத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு ஒருவரும் ஆட்டிப் பார்க்கக் கூடாது.

“பதினஞ்சு இருவது நாளுல துளுத்துரும் ஐயா. ஊர்க்காரங்க வந்து பொழைச்சிருச்சும்பாங்க. அது பொய்த்துளிரு. கட்டையில இருக்கிற சாறுல வர்றது. அது கருகி விழுந்து, மறுபடி ஒரு துளிரு வரும் பாருங்க, அதுதான் வேருத்துளிரு. அதுக்கு முன்னாடி நான் கணக்குல சேக்க மாட்டேன்” என்றார். எல்லாப் போத்தும் முதல் துளிரை உதிர்ப்பதில்லை. ஆயினும் வேர் பிடிப்பதற்கு முன்பே இலை வந்துவிடும் என்ற தாவர சாஸ்திர உண்மையை இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரிடமும் நான் கேட்டதில்லை.

நடுவதைவிட வெட்டுவதற்கே அதிக ஞானம் வேண்டும் என்பது அன்று மாலை விளங்கியது. மின்கம்பியின் மேல் சாய்ந்திருந்த ஒரு புங்கங்கிளையை மரமேறி மூன்று வெட்டில் இறக்கினார். முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளைக்குக் கீழ்ப்புறத்தில். கால்பங்கு ஆழத்தோடு ரம்பத்தை நிறுத்திவிட்டார். இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து. கிளை தன் பாரத்தில் முறிந்தபோது பட்டை கிழிந்து மரத்தின் உடம்போடு உரிந்து வரவில்லை. மூன்றாவதாக எஞ்சிய கட்டையை அறுக்கும்போது, கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் சதையைத் தொடாமல் அதற்கு வெளியே அறுத்தார். “கழுத்தை விட்டுட்டுத்தான் வெட்டணும், கழுத்துதான் புண்ணை மூடும்” என்று கிளைமேலிருந்தே எனக்குச் சொன்னார்.

இதைக் கேட்டபோது என் சொந்தத் தெருவின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் என் தகப்பனார் வைத்த வேம்பு ஒன்று இருந்தது. தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போட வந்தவர்கள் அதன் அடிமரத்தோடு ஒட்டிச் சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார்கள். நான் கேட்டதற்கு, வேலை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதன்பின் கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளைகளையெல்லாம் அடியோடு வழித்து வெட்டினார்கள். மூச்சு விட மண்ணில்லாமலும், ஒரு பக்கத்துப் பாரமில்லாமலும் இரண்டு கோடை நின்றது. மூன்றாவது கோடையில் பட்டுப்போயிற்று. அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணைத் திறந்து விட்டிருந்தால் அது இன்றும் நின்றிருக்கும். கையில் கடப்பாரையோடு போய் நானே அந்தச் சிமெண்டை உடைத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றுவரை எனக்கு உண்டு.

மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைப் புளியமரங்களிடம் போனோம். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் வைத்த சாலை மரங்களைப் பற்றித் தென்சீமையில் இன்றும் ஜனங்கள் பேசுகிறார்கள். பிற்காலத்தில் வெள்ளையும் கறுப்பும் பட்டை தீட்டி, எண் எழுதி நிறுத்திய புளியமரங்களும் அந்தத் தர்மத்தின் தொடர்ச்சிதான். புளி இங்கே நிழலோடு வருமானமும் தருகிற மரம். புறம்போக்கில் ஒருவர் நட்டு வளர்த்த மரத்தின் பலனை அவரே அனுபவிக்க 2சி பட்டா என்று ஒரு ஏற்பாடு நம் கிராமக் கணக்கில் நெடுநாளாக உண்டு. நிலம் அரசுடையது, பலன் வளர்த்தவருடையது. இத்தனை நல்ல ஒரு யோசனை ஜனங்களுக்கு மறந்துபோய்க்கொண்டிருப்பது பெரிய நஷ்டம்.

அந்தப் பெண்கள் இருவரும் அன்று செய்தது ஆணி பிடுங்கும் வேலை. பல் வைத்தியத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுமனைக்குமாக அறைந்த தகரப் பலகைகளை முதலில் கழற்றினார்கள். பலகை போன பிறகும் ஆணிகள் நின்றன. புதியவை சுத்தியலின் பிளவுக்குள் சிக்கி வந்தன. பழையவற்றின் தலையை மரம் விழுங்கியிருந்தது. துருவும் பட்டையும் கலந்து கசிந்த கறுப்புக்கறை மட்டும் இருக்கும் இடத்தைக் காட்டிற்று. அவற்றைத் தோண்டாமல் விட்டுவிட்டார்கள். தோண்டினால் புண் பெரிதாகும். ஒரே மரத்திலிருந்து வந்த ஆணிகள் தண்ணீர்ச் சொம்பின் அடியை மறைத்தன. இளையவள் அந்தச் சொம்பைக் குலுக்கி என்னிடம் நீட்டி, “எடுத்துட்டுப் போங்க ஐயா, ஊர்ல காட்டுங்க” என்றாள். எடுத்து வந்திருக்கிறேன், என் எழுது மேஜைமேல் இருக்கிறது.

என்ன மரம் வைப்பது என்பதிலும் அவர்களுக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சீக்கிரம் குடைவிரிக்கும் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. புயலில் முதலில் சாய்ந்த கூட்டத்தில் அவையும் இருந்தன என்று கண்டறிந்து, கடைத்தெருவுக்குப் புங்கமும், கண்மாய்க்கரைக்கு மருதும் நாவலும், கோயில் வீதிக்கு மகிழும் புன்னையும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலுள்ள திருக்கோகர்ணம் மகிழவனமாக இருந்த ஸ்தலம் என்பதையும் அவர்கள்தாம் எனக்கு நினைவூட்டினார்கள்.

புறப்படும்போது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நட்ட தேதிக்கும் கன்றின் எண்ணிக்கைக்கும் கட்டங்கள் இருந்தன; உயிரோடு இருக்கிறதா என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க லாரி ஓட்டும் தம்பி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தானே கோடு போட்டு, சித்திரை, வைகாசி, ஆனி என்று மாதம் எழுதி, ஒவ்வொரு கன்றுக்கும் எதிரே தண்ணீர் விட்ட நாளைக் குறித்து வருகிறான். மூன்று கோடை தாண்டிய கன்றைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறான். தமிழ்நாட்டில் காடும் மரமுமாக 33 சதவீதப் பரப்பை எட்ட வேண்டுமென்று 2022ஆம் ஆண்டில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டிருக்கிறது. அந்த நோட்டில் இருக்கும் கட்டம் ஒவ்வொரு பேரூராட்சியின் பதிவேட்டிலும் ஏற வேண்டும், அதை நிரப்புகிறவர்களுக்கு மரம் பார்ப்பவர் என்ற பெயரோடு ஒரு சம்பளமும் வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

தை பிறந்து பத்து நாளைக்குப் பிறகு பெரியப்பா போனில் கூப்பிட்டார். மூன்று ஆலம்போத்துகளில் ஒன்று பட்டுப்போயிற்றாம்; மற்ற இரண்டும் இரண்டாம் துளிர் விட்டிருக்கின்றனவாம்.