ஒரே ஒரு நொடி

கால்பந்து என்றதும் மெஸ்ஸி, ரொனால்டோ என்று ஓடி வந்துவிடாதீர்கள் மக்களே. இது வேறு பந்து. முட்டை மாதிரி இருக்கும். காலால் உதைப்பது அபூர்வம், பெரும்பாலும் கையில் அணைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். அப்புறம் ஏன் கால்பந்து என்று பெயர் வைத்தீர்கள் என்று இங்கே நாலைந்து பேரைக் கேட்டுப் பார்த்தேன். சிரிக்கிறார்கள், பதில் வரவில்லை :-)

நான் படிப்பது அமெரிக்காவின் நடுவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்தில். சோளக்காடு, மாடு, காற்று. இந்த மாநிலத்துக்கென்று பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. இருப்பது பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி ஒன்றுதான். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். இங்குள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962-லிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்திருக்கிறது. கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு!

இந்த ஊரில் யாரிடமும் எடுக்கக்கூடாத பேச்சு ஒன்று இருக்கிறது. 2009 டிசம்பர் 5. என் லேபில் கூட வேலை செய்யும் நண்பன் இந்த மாநிலத்துக்காரன். அன்றைக்கு அவனுக்குப் பத்து வயது. அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டால் இன்றும் அவன் முகம் மாறுகிறது. அப்படி என்னதான் நடந்தது என்று முழு ஆட்டத்தையும் தேடிப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்கக் கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கும். ஒரு கான்ஃபரன்ஸில் பன்னிரண்டு அணி இருந்தால் இரண்டு பிரிவாக்கி, பிரிவில் முதலிடம் பிடித்த இருவரையும் கடைசியில் மோதவிட்டுச் சாம்பியனைத் தீர்மானிக்கலாம் என்று ஒரு விதி வந்தது. பெரிய கான்ஃபரன்ஸ்களில் முதலில் இதைச் செய்தது எஸ்.இ.சி. 1992-ல் பர்மிங்ஹாமில் நடந்த அந்த முதல் ஆட்டத்தில் அலபாமா, ஃப்ளோரிடாவை 28-21 என்று வென்றது. நல்ல கூட்டம், நல்ல காசு. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1996-ல் பிக் 12 தொடங்கியபோதே இந்த இறுதி ஆட்டத்தோடுதான் தொடங்கியது.

அந்த முதல் பிக் 12 இறுதியிலேயே நெப்ராஸ்காவுக்கும் டெக்சஸுக்கும் வாய்க்கால் தகராறு ஆரம்பம். தேசியப் பட்டத்தைக் குறிவைத்து வந்த நெப்ராஸ்காவை டெக்சஸ் 37-27 என்று கவிழ்த்தது. 1999 இறுதியில் நெப்ராஸ்கா 22-6 என்று கணக்குத் தீர்த்தது. நெப்ராஸ்கா கடைசியாக வாங்கிய கான்ஃபரன்ஸ் பட்டம் அதுதான். இன்றுவரை அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இப்போது 2009-க்கு வருவோம். இடம், டெக்சஸில் ஆர்லிங்டன் நகரின் புத்தம்புதிய கௌபாய்ஸ் ஸ்டேடியம். டெக்சஸ் அதுவரை 12 ஆட்டம் ஆடிப் பன்னிரண்டிலும் ஜெயித்திருந்தது. இதையும் ஜெயித்தால் தேசிய இறுதி. அப்போதெல்லாம் வாக்கெடுப்பையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து நாட்டிலேயே இரண்டே அணிகளைத்தான் இறுதிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். நெப்ராஸ்கா 9 வெற்றி, 3 தோல்வி. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நெப்ராஸ்காவிடம் சூ இருந்தான். இண்டாமுகன் சூ. தடுப்பு வரிசையில் நடுவில் நிற்பவன், மலை மாதிரி உருவம். எதிரணியில் பந்தை எறிபவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். எறிவதற்கு முன்பே அவரைப் பிடித்துச் சாய்த்தால் அது சாக். டெக்சஸின் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் அன்று ஒன்பது முறை சாய்க்கப்பட்டார். அதில் நாலரை சூவின் கணக்கு (இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி!). ஒரு முறை மெக்காயைப் பொம்மையைத் தூக்கி எறிகிற மாதிரி எறிந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

இன்னொரு பக்கம், நெப்ராஸ்காவால் முன்னேறவே முடியவில்லை. ஆட்டம் முழுக்கச் சேர்த்து 106 கஜம்தான். ஒரு டச்டவுன்கூட இல்லை. அலெக்ஸ் ஹெனரி என்ற பையன் நான்கு முறை பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்து, மும்மூன்று புள்ளியாகச் சேர்த்துப் பன்னிரண்டு ஆக்கினான். நாலாவது உதை விழுந்தபோது ஸ்கோர் 12-10. நெப்ராஸ்கா முன்னிலை. மிச்சம் 1 நிமிடம் 44 நொடி.

அடுத்து நடந்தவற்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நெப்ராஸ்கா பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். உதைத்த பந்து எல்லைக்கு வெளியே போனது. அதற்குத் தண்டனையாக டெக்சஸுக்கு 40 கஜக் கோட்டிலிருந்து தொடங்கும் வசதி. முதல் எறிதலே ஜோர்டன் ஷிப்லியிடம் 19 கஜம். அவரைச் சாய்த்த நெப்ராஸ்கா வீரர் கழுத்துப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டார். அதற்கு இன்னொரு 15 கஜம் தண்டனை. ஒரே ஆட்டத்தில் டெக்சஸ் உதைக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கூத்து. உதைக்கும் தூரத்தில் இருக்கிறார்கள், மூன்று புள்ளி போதும். ஆனால் டெக்சஸ் கடிகாரத்தை ஓடவிட்டுக்கொண்டே இருந்தது. பத்து நொடிக்கும் குறைவாக இருக்கையில் மெக்காய் பந்தை வாங்கி வலது பக்கம் ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கே "எறிந்து தொலையேன்பா" என்று கத்தத் தோன்றும். கடைசியில் எல்லைக்கு வெளியே தூக்கிப் போட்டார். கடிகாரம் 0:00.

நெப்ராஸ்கா வீரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். லேப் நண்பனின் வீட்டில் பெரியப்பா சித்தப்பா எல்லோரும் எழுந்து குதித்தார்களாம். அவன் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டாராம்.

நடுவர்கள் மட்டும் நகரவில்லை. வீடியோவைப் பார்க்கிறோம் என்றார்கள். விதிப்படி, பந்து எல்லைக்கு வெளியே எதிலாவது பட்ட அந்தக் கணத்தில் கடிகாரம் நிற்க வேண்டும். வீடியோவில் பந்து படும்போது கடிகாரத்தில் ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியைத் திருப்பி வைத்தார்கள். ஹண்டர் லாரன்ஸ் வந்து 46 கஜத்திலிருந்து உதைத்தார். பந்து கம்பத்துக்குள் போனது. 13-12. டெக்சஸ் சாம்பியன்.

நண்பன் சொன்னான்: "அப்பா என்னைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. மறந்துவிட்டார். அப்படியே நின்றுகொண்டிருந்தார்."

அந்த வீடியோவை நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முடிவு சரிதான். நண்பனும் அதை மறுப்பதில்லை. அவன் வாதம் வேறு. "அன்றைக்கு அறுபது நிமிட ஆட்டத்தில் பந்து எத்தனை தடவை வெளியே போனது? கடிகாரக்காரர் விரல் ஒவ்வொரு முறையும் அரை நொடி, ஒரு நொடி தாமதித்திருக்காதா? அதை எல்லாம் யார் திருப்பி வைத்தார்கள்? இந்த ஒன்றை மட்டும் ஏன்?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு எங்கள் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா பிளஸ் டூ முடித்தபோது நீட் எல்லாம் கிடையாது. மருத்துவத்துக்கு 200-க்குக் கட்-ஆஃப். கால் கால் மார்க்காக ஏறும், இறங்கும். ரிசல்ட் வந்த அன்று அக்கா, அவள் வகுப்புத் தோழியை விடக் கால் மார்க் முன்னால் இருந்தாள். தோழி பிசிக்ஸ் பேப்பருக்கு மறுமதிப்பீடு போட்டாள். ஜெராக்ஸ் வாங்கி எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். சரியான விடைக்கு மார்க் போடாமல் விட்டிருந்தார்கள். இரண்டு மார்க் கூடியது. கட்-ஆஃபில் அது அரை மார்க். இப்போது தோழி கால் மார்க் முன்னால். அந்த வருஷம் அவர்கள் பிரிவில் கடைசி சீட் தோழியின் கட்-ஆஃபோடு முடிந்தது.

அம்மா ஆற்றாமையில் என்னென்னவோ சொன்னார். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அந்த விடை சரிம்மா. நானேதான் பார்த்தேன். அவளுக்கு வர வேண்டிய மார்க்." சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சாப்பிட வரவில்லை.

நண்பனின் கேள்வி அக்காவுக்கும் பொருந்தும். அவள் பேப்பரிலும் யாராவது ஒரு மார்க்கை விட்டிருக்கலாம். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. திருத்தம் எல்லாம் நியாயம்தான், ஆனால் எல்லாவற்றையும் திருத்துவதில்லை. பார்க்கப்பட்ட இடம் மட்டும் திருந்துகிறது. பார்க்கப்படாத தப்புகளும் சரிகளும் அப்படியே கிடக்கின்றன. தோற்றவனுக்கு வலிப்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அதற்காக அந்த நொடியைத் திருப்பி வைத்திருக்கக்கூடாது என்பேனா? மாட்டேன். கண்ணால் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியாது. எல்லாத் தப்பையும் திருத்த முடியவில்லை என்பது, கண்ணெதிரே தெரியும் தப்பை விட்டுவிடக் காரணம் ஆகாது. அந்த நொடியை விட்டிருந்தால் டெக்சஸில் இன்னொரு பத்து வயதுப் பையன் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் பக்கம் நியாயமும் இருந்திருக்கும்.

ஆனால் "விதி விதிதான், இதில் அழ என்ன இருக்கிறது" என்பவர்களோடும் எனக்கு ஒட்டவில்லை. முடிவு சரியா என்பது ஒரு கேள்வி. அதன் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் சொல்லிவிட்டால் இரண்டாவது தீர்ந்துவிடாது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் 2010 ஜனவரியில் பாசடீனாவில் தேசிய இறுதி ஆடியது. தொடக்கத்திலேயே மெக்காய் தோளில் அடிபட்டு வெளியேற, அலபாமா 37-21 என்று ஜெயித்தது. அந்த வருஷம் தோல்வியே காணாமல் சின்சினாட்டி, டி.சி.யு., பாய்சி ஸ்டேட் என்று மூன்று அணிகள் வெளியே நின்றன என்பது தனிக்கதை. நெப்ராஸ்கா 2010 ஜூனிலேயே பிக் 12-ஐ விட்டு விலகுவதாக அறிவித்து, 2011-ல் பிக் டென்னில் சேர்ந்தது. அதற்குப் பணம், டி.வி. ஒப்பந்தம் என்று பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் அந்த ஒரு நொடியையும் காரணத்தில் சேர்ப்பார்கள். (அந்த மாற்றங்களுக்குப் பிறகு பிக் டென்னில் பன்னிரண்டு அணி, பிக் 12-ல் பத்து அணி. கணக்கு வாத்தியார் பார்த்தால் பிரம்பெடுப்பார்.) கடைசியில் டெக்சஸும் 2024-ல் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு எஸ்.இ.சி.க்குப் போய்விட்டது.

போன வாரம் நண்பனிடம் அக்கா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனாகவே, "அந்த உதை வெளியே போகாமல் இருந்திருந்தால் நொடிக்கே வேலை இல்லை" என்றான். நாலு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த உதையைப் பற்றி வந்த முதல் வார்த்தை. அடுத்து, "உன் அக்கா இன்னும் அந்தத் தோழியோடு பேசுகிறாளா?" என்றான்.

பேசுகிறாள். அக்கா பி.பார்ம் முடித்து மருந்துக் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். தோழி டாக்டர். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதித் தருவதே அவள்தான். ஆனால் அந்தப் பிசிக்ஸ் பேப்பர் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

பி.கு: முழு ஆட்டம் பார்க்க நேரமில்லாதவர்கள் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் பாருங்கள். உதை கம்பத்துக்குள் போனதும் எல்லோரும் லாரன்ஸைப் பார்ப்பார்கள். நீங்கள் சிவப்பு எழுத்துப் போட்ட வெள்ளைச் சட்டைக்காரர்களைப் பாருங்கள்.