ஏரிக் கருவேலம்

எங்கள் ஊர் ஏரிக்குள் கருவேலம் வைத்தது 1983இல். எனக்கு அப்போது பத்து வயது. சேரியிலிருந்து முப்பது நாற்பது பேர் வேலைக்குப் போனார்கள். ஊர்த்தெருவிலிருந்து மேஸ்திரி மட்டும் வந்தார். தண்ணி நின்றால் செடி அழுகிவிடும் என்பதால் உள்வாயில் வரிசை வரிசையாக மண்மேடு போட்டு, மேட்டின் தலையில் விதை ஊன்றவேண்டும். அந்த விதையும் எங்களிடமிருந்து போனதுதான். கருவேல நெற்றைத் தின்ற ஆடு பட்டியில் போடுகிற கொட்டைதான் சீக்கிரம் முளைக்கும். ஆட்டு வயிற்றுக்குள் போய் வந்ததில் அதன் தோல் இளகியிருக்கும். பிள்ளைகள் நாங்கள் பட்டி பட்டியாகப் பொறுக்கி, படியில் அளந்து கொடுத்தோம். அந்தக் காசில் வாங்கித் தின்ற பொரி உருண்டை ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சமூகக் காடு என்று அதற்குப் பேர். சுவீடன் நாட்டு உதவியோடு 1981இல் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம். கிராமத்து ஜனங்களின் விறகுப் பஞ்சம் தீரும், பஞ்சாயத்துக்கு வருமானம் வரும் என்றார்கள். நோக்கத்தைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சமூகம் என்றால் எங்கள் ஊரில் யார், அதைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஏரி உள்வாய் காகிதத்தில் புறம்போக்கு. காணி நிலம் இல்லாதவனுக்கு அதுதான் நிலம். கோடையில் ஆடு மாடு அங்கேதான் மேயும். கோரை அறுப்போம், சாணி பொறுக்குவோம், சேற்றில் நண்டும் நத்தையும் பிடிப்போம், கீரை கிள்ளுவோம். விதை ஊன்றிய நாளிலிருந்து ஆடு உள்ளே போகக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு வரப்புப் புல் இருந்தது, வைக்கோல் போர் இருந்தது. எங்கள் ஆட்கள் ஆட்டை விற்றார்கள். விதை கொடுத்த ஆட்டுக்குத்தான் முதல் தடை.

மரம் வளர்ந்ததும் ஒரு வாட்ச்சர் வந்தார். 1989 ஐப்பசி. நாலு நாள் விடாத மழை, அடுப்புக்கு ஒன்றுமில்லை. அம்மா போய்க் காய்ந்த சுள்ளி பொறுக்கிக் கட்டினாள். வாட்ச்சர் பிடித்துவிட்டார். அருவாளைப் பிடுங்கிக்கொண்டு, கட்டைத் தலையிலிருந்து இறக்கவிடாமல் ஊர்த்தெரு வழியாகவே நடத்திக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன். சாவடித் திண்ணைக்கு எதிரே, அந்தச் சுமையோடு நின்றாள்.

"பச்ச மரத்துல கை வெக்கில ஆண்டே. காஞ்சதுதான். நானே நட்ட மரம்."

"நீ நட்டா அது உன்னுதாய்டுமா?"

யார் கேட்டது என்று தெரியவில்லை. திண்ணையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இருபத்தைந்து ரூபாய் தண்டம். அப்பா கடன் வாங்கிக் கட்டினார். கட்டு சாவடியிலேயே கிடந்தது. அம்மா வீட்டுக்கு வந்து அழவில்லை. முள் கிழித்த கையில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு, "மூணாவது வரிசடா அது. நான் போட்ட மேடு" என்றாள். அவ்வளவுதான்.

1994இல் மரம் வெட்டுக்கு வந்தது. ஏலத்தில் கேட்க முன்பணம் கட்டவேண்டும். கட்டக்கூடியவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒருத்தர் பேரில் எடுத்தார்கள். வெட்டுகிற கூலி எங்களுக்கு. பஞ்சாயத்துக்கு வந்த பங்கில் ஊர்த்தெருவுக்குச் சிமெண்ட் ரோடு போட்டார்கள். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கிப்போகும் வழியில் முழங்கால் சேறு அப்படியே இருந்தது.

அதே வருஷம் அக்டோபரில், காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியவர்களை போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் சேரிப் பையன்கள் நாங்களும் பழைய பதிவேட்டைத் தேடிப் போனோம். செங்கல்பட்டு கலெக்டராயிருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் வெள்ளைக்காரன் அரசு ஒதுக்கிய நிலம். எங்கள் சர்வே எண்ணும் அதில் இருந்தது. நாலு ஏக்கர். போய்ப் பார்த்தால் தைலமரம் நிற்கிறது. நட்டவர் எங்களவர் இல்லை.

மரம் நடுவதில் இப்படியும் ஒரு விஷயம் உண்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நெல் போட்டால் நடவுக்கு, களைக்கு, அறுப்புக்கு ஆள் வேண்டும், சேரியைக் கூப்பிட்டாகவேண்டும், கூலி கூட்டிக் கேட்பார்கள். தைலமரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நட்டுவிட்டால் வெட்டுகிறவரை ஆளே வேண்டாம். வெட்டின தூரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். வேலி போட்ட மாதிரியும் ஆச்சு, கூலி கேட்டவனைப் பட்டினி போட்ட மாதிரியும் ஆச்சு. சுற்றுச்சூழல் பேசுகிற தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் மரத்துக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டு வாசலில் அம்மா வைத்த புங்கமரத்து நிழலில் படித்துத்தான் நான் பத்தாவது தேறினேன். எந்த மரம் என்று கேட்கிறவர்கள், யார் மண்ணில், யார் வெட்டுவதற்கு என்றும் கேட்கட்டும்.

2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் பரப்பில் 33 சதவீதம் மரம் வேண்டும் என்பது இலக்கு. எங்கள் பக்கத்திலும் நூறு நாள் வேலையில் ரோட்டோரப் புறம்போக்கில் புளியும் புங்கமும் வைத்தார்கள். குழி தோண்டியதும் குடத்தில் தண்ணி சுமந்து ஊற்றியதும் இந்தமுறையும் எங்கள் பெண்கள்தான். ஆனால் அதில் ஒரு பெண், எங்கள் தெருவில் முதலில் காலேஜ் போனவள், 2சி பட்டா பற்றி எங்கேயோ கேட்டுவந்து சொன்னாள். புறம்போக்கில் நிற்கிற மரத்தின் பலனை அனுபவிக்க அரசாங்கமே தருகிற பட்டா. நிலம் சர்க்காருடையது, காய் வளர்த்தவருடையது. பதினெட்டு பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார்கள். "செடி முழங்கா ஒசரம்கூட வரல, அதுக்குள்ள பட்டாவா?" என்று அங்கே ஒருத்தர் கேட்டாராம். "வளந்தப்புறம் கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்க சார்" என்றிருக்கிறாள் அவள்.

ரசீது வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். பட்டா இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அந்த ரசீதை நான் படித்துக் காட்டினேன். தேதி, மனு எண், பேர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்:

"எவ எவ எந்த வரிசன்னு அதுல எழுதியிருக்குதாடா?"